இரண்டு கல்லும் ஒரு தோல்வாரும்

இனி என் முகத்தில் என்னைத் தவிர வேறு யாரும் கத்தி வைக்கக்கூடாது என்று ஒரு சனிக்கிழமை காலை முடிவெடுத்தேன். சலூன்காரர் என் முகத்தில் சோப்பு நுரையைப் பூசிவிட்டு, யாருடனோ முக்கால் மணி நேரம் போனில் பேசியதுதான் காரணம். நுரை காய்ந்துவிட்டது. சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி எழுந்து நின்றேன். "இனிமே இந்தக் கடைப் படி ஏற மாட்டேன்" என்று ஆறு பேர் முன்னால் அறிவித்துவிட்டு வெளியே வந்தேன்.

அன்றைக்கே ஒரு மடக்குக் கத்தி வாங்கினேன். பிளேடு மாற்றுகிற ரகம் இல்லை. தீட்டித் தீட்டி வைத்துக்கொள்ள வேண்டிய அசல் சவரக்கத்தி. நான் தபால் நிலையத்தில் முத்திரை குத்துகிறவன். குத்தத் தெரிந்தவனுக்கு வெட்டத் தெரியாதா?

பத்து நாள் தெரிந்தது. பதினோராம் நாள் கத்தி மொட்டையாகிவிட்டது. முடியை வெட்டாமல் பிடுங்கியது.

என் மனைவி முன்னறையில் தையல் வேலை செய்கிறாள். தெருவில் பாதிப் பேர் அவள் தைத்த துணியில்தான் நடமாடுகிறார்கள். மிஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஏங்க அழுறீங்க?"

"அழல. சவரம் பண்றேன்."

"ரெண்டையும் ஒண்ணா பண்ணாதீங்க. சோப்பு கரையுது."

"கத்தி மொட்டையாயிடுச்சு. தீட்டுறதுக்குக் கல்லு வாங்கணும்."

"எதுக்குங்க வீண் வேலை? சலூனுக்கே போயிடுங்க."

"போக மாட்டேன்."

"அப்ப சொரசொரப்பா ஒரு கல்லு போதும். வழவழன்னு இன்னொண்ணு இருக்காம். அதெல்லாம் கைப்பக்குவம் உள்ளவங்களுக்கு. உங்களுக்கு வேணாம்."

எனக்கா கைப்பக்குவம் இல்லை? இரண்டு கல் என்று அந்த நிமிஷமே முடிவாகிவிட்டது. திட்டம் தீட்டுவதில் நான் கெட்டிக்காரன். கத்தியைத் தீட்டுவதில்தான் கொஞ்சம் தகராறு.

சனிக்கிழமை இரும்புக்கடைக்குப் போனேன். பக்கத்துக் கடையில் பட்டன் வாங்க வேண்டும் என்று அவளும் கூட வந்தாள். கடைக்காரர் பொறுமைசாலி. சொரசொரப்புக் கல் கூர் எடுக்கும், வழவழப்புக் கல் அந்தக் கூரைச் சீராக்கும், தினமும் சவரத்துக்கு முன்னால் தோல்வாரில் நாலு தேய் தேய்த்தால் கத்தி பட்டு மாதிரி ஓடும் என்று விளக்கினார்.

"அண்ணே, அவருக்குச் சின்னக் கல்லாவே குடுங்க" என்றாள் மனைவி. "பெரிய கல்லை வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவார்?"

"பெரிசே குடுங்க" என்றேன்.

"கல்லு நகராம இருக்க அடியில ரப்பர் வெச்ச கட்டை இருக்காமே, அது வேணாம்ணே. அது தினமும் தீட்டுறவங்களுக்கு."

"அதையும் தோல்வாரையும் சேர்த்துக் கட்டுங்க."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒரே வாரத்தில் மூன்று தடவை நான் ஜெயித்தது அதுதான் முதல் முறை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. திங்களன்று எங்கள் ஆபீசைப் பார்க்கப் பெரிய அதிகாரி வருகிறார். முகம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று உத்தரவு. காலையிலேயே கல்லை நனைத்து உட்கார்ந்தேன். கடைக்காரர் தெளிவாகத்தான் சொல்லியிருந்தார். கல்லில் தீட்டும்போது கூர்ப்பக்கம் முன்னால் போக வேண்டும். தோல்வாரில் முதுகுப்பக்கம் முன்னால் போக வேண்டும். நான் மாற்றிச் செய்தேன். கத்தி அருமையாகத் தீட்டப்பட்டிருக்கிறது என்பது தோல்வார் இரண்டு துண்டானபோது தெரிந்தது.

அந்த உற்சாகத்தில் முகத்துக்கு வந்தேன். கன்னத்தில் ஒன்று, தாடையில் மூன்று. காகிதத்தைக் கிழித்துக் கிழித்து ஒட்டினேன். தபால் நிலைய ஊழியன் முகம் முழுக்கத் தபால்தலை.

மனைவி சிரிக்கவில்லை. பஞ்சைக் கொண்டுவந்து துடைத்துவிட்டாள். "நாளைக்கு அதிகாரி முன்னாடி இப்படியா போய் நிப்பீங்க? கோபத்தை விட்டுட்டு சலூனுக்குப் போயிட்டு வாங்க" என்றாள். குரல் அவ்வளவு மிருதுவாக இருந்தது. சந்தேகப்பட்டிருக்க வேண்டும். படவில்லை.

தெருமுனை வரை போனவன், மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டதால் திரும்பி வந்தேன். முன்னறையில் என் பெரிய கல், ரப்பர் வைத்த கட்டையின் மேல் அசையாமல் இருந்தது. அவள் தன் நீளமான துணிக் கத்தரியை அகலத் திறந்து, ஓர் அலகின் சரிவான விளிம்பை மட்டும் கல்லில் வைத்து, அடியிலிருந்து நுனிவரை ஒரே சீராக இழுத்துக்கொண்டிருந்தாள். பிறகு வழவழப்புக் கல். பிறகு ஒரு பட்டுத்துணித் துண்டு. சத்தமே இல்லாமல் இரண்டாயிற்று.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கத்தரி தீட்ட இரண்டு கல் வேண்டும் என்று ஆறு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். "கத்தரிக்கு எதுக்குக் கல்லு? உன் நாக்கே போதுமே" என்று சொன்ன வாய் இதே வாய்தான்.

"இதுக்குத்தான் வேணாம் வேணாம்னியா?" என்றேன்.

"வேணும் வேணும்னு சொன்னப்ப நீங்க வாங்கித் தரலையே."

"அந்தத் தோல்வாரு?"

"அதுவும் நல்லதுக்குத்தான். கடைப்பைக்கு ரெண்டு பிடி தைக்கணும்னு இருந்தேன். சரியான நீளத்துல வெட்டியிருக்கீங்க."

வார் வாங்கப் போன என் காலைத்தான் வாரியிருக்கிறாள்.

சலூன்காரர் என்னைப் பார்த்ததும் நாற்காலியைத் துடைத்து உட்காரவைத்தார். போனை அணைத்து வைத்துவிட்டுக் காயங்களைச் சுற்றி அழகாக மழித்தார். எனக்கே வெட்கமாகிவிட்டது. கிளம்பும்போது காகிதத்தில் சுற்றிய ஒரு பொட்டலத்தை என் கையில் வைத்தார்.

"என்ன இது?"

"நாலு கத்தரி சார். தீட்டித் தர்றேன்னு அக்கா சொன்னாங்க. ரெண்டு வாரத்துல நீங்க வருவீங்க, உங்ககிட்டயே குடுத்துவிடச் சொன்னாங்க."

"எப்ப சொன்னா?"

"நீங்க கோவிச்சுக்கிட்டுப் போனீங்களே, அன்னிக்குச் சாயங்காலமே."

அன்று சாயங்காலம் என் கத்தி புத்தம் புதுசு. கல் வாங்க வேண்டும் என்று எனக்கே இன்னும் தோன்றியிருக்கவில்லை.