பந்திமாறி

வைகையில் எப்போது தண்ணீர் வரும் என்றுகூடச் சொல்லிவிடலாம். பந்திமாறி நாளைக்கு யாராக இருப்பான் என்று மதுரையில் ஒருவராலும் சொல்ல முடியாது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நானும் அவனும் காலேஜ் ஹாஸ்டலில் ஒரே அறை. பரமக்குடி நெசவாளர் வீட்டுப் பிள்ளை. வீட்டில் சௌராஷ்டிரம், வெளியே தமிழ். ஒரு வாரம் நெற்றி நிறைய விபூதி. மறு வாரம் நாமம். அப்புறம் நெற்றியைத் துடைத்துவிட்டு, கடவுளே இல்லை என்று என் முருகன் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைப்பான். சில நாள் கழித்து அதே படத்திடம் மன்னிப்புக் கேட்டு அழுவான்.

சாயங்காலம் ஆற்று மணலில் மல்லாந்து படுத்தால், மேகத்தைப் பார்த்தபடி தூக்கத்தில் பேசுவதுபோல் பேசுவான்.

"மாப்ள, வீட்ல அம்மாகிட்டப் பேசுறவனும் இங்க உன்கிட்டப் பேசுறவனும் ஒரே ஆள்தானா?"

"ரெண்டு பேருமே என் சோப்பைத்தான் தேய்க்கிறாய்ங்க" என்பேன்.

சிரிக்க மாட்டான். அந்த மேகம் கோபுரத்தைத் தாண்டிக் கரையும்வரை யோசிப்பான்.

ஹாஸ்டலில் அப்போது சாதிக்கொரு பந்தி. இவன் நெற்றி மாறும்போதெல்லாம் பந்தியும் மாறினான்; அதில் வந்த பேர்தான் பந்திமாறி. புகார் போனது. வார்டன் கூப்பிட்டார்.

"ஏம்ப்பா, நீ எந்தப் பந்தி?"

"அதைத்தான் சார் நானும் தேடிக்கிட்டிருக்கேன்."

"நாளைக்குள்ள கண்டுபிடி. இல்லேன்னா பெட்டியைக் கட்டு."

மறுநாள் பெட்டியைக் கட்டி வாசலில் வைத்துவிட்டுத்தான் மதியச் சாப்பாட்டுக்கு வந்தான். எந்தப் பந்தியிலும் சேரவில்லை. நடுக்கூடத்தில் தனியாக இலையைப் போட்டு உட்கார்ந்தான். சமையல்காரர் சாம்பார் வாளியோடு திகைத்து நின்றார்.

"தம்பி, இது என்ன பந்தி?"

"தெரியலைண்ணே. பசிக்குது."

எனக்கு என்ன தோன்றியதோ, சோற்றோடு என் இலையைத் தூக்கிக்கொண்டு அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். வழியெல்லாம், வேட்டியெல்லாம் சாம்பார். பின்னாலேயே இன்னொருவன் வந்தான். பிறகு கூடம் முழுக்க இலைகள் நகர்ந்தன. கதவருகே நின்ற வார்டன் கூடத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"சோத்தைப் போடுங்கய்யா, ஆறுது" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்புறம் அங்கே யாரும் பந்தி பிரிக்கவில்லை.

நாற்பதுகளில் அவன் சாமியாராகி அலங்காநல்லூர்ப் பக்கம் மடம் வைத்தான். ஒரே கிணற்றில் தண்ணீர் எடுக்க விடாத ஊர்க்காரர்களும், எடுக்க முடியாதவர்களும் அவனிடத்தில் தோளுரசிச் சாப்பிட்டார்கள். நான் போனபோது சனம் வரிசையாக அவன் காலில் விழுந்துகொண்டிருந்தது. சாமி என்னைப் பார்த்ததும் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"இவங்க போற வரைக்கும் இருடா மாப்ள. எனக்கு ஒரே வெக்கமா இருக்கு."

மதுரைக்குப் போகும் கடைசி பஸ் ஹாரன் அடித்தது. போகட்டும் என்று அவன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.