கொரியாவில் இறந்த பையன்

மோட்டார் கொட்டகைக்குள் ரெத்தினம் வாய்விட்டு அழுதுகொண்டிருந்தபோது, தண்ணீர்க் குடத்தை எடுக்கக் கதவைத் தள்ளிக்கொண்டு வானதி வந்துவிட்டாள். அவர் அவசரமாகச் செல்லை மடியில் சொருகினார்.

நன்னிலம் பக்கத்து வயல்களுக்கு நடவு ஆட்களைக் கூட்டிவந்து வேலை வாங்குவது ரெத்தினத்தின் பிழைப்பு. வயலில் இறங்கினால் யாரும் செல்லைத் தொடக் கூடாது என்று சட்டம் போட்டிருந்தவரும் அவர்தான். காலையிலேயே பெண்கள் எல்லோருடைய செல்லையும் ஒரு பையில் வாங்கி வைத்துக்கொள்வார். சீரியல் பார்க்கவா கூலி என்று கேட்பார். அப்புறம் கொட்டகைக்குள் போய்த் தமிழில் பேசுகிற கொரியாத் தொடரைப் பார்ப்பார். இன்றைக்கு அதில் கதாநாயகன்மேல் லாரி ஏறிவிட்டது. இது வெளியே தெரிந்தால், நாளைக்கு ஒருத்திகூட அவர் பேச்சைக் கேட்கமாட்டாள்.

"என்னண்ணே, கண்ணெல்லாம் செவந்து கெடக்கு?"

"சொந்தத்துல ஒரு சாவு. வெளிநாட்டுல இருந்த பையன்."

"எந்த நாடு? துபாயா?"

அந்த நேரத்தில் அவர் வாயில் வேறு நாடு எதுவும் வரவில்லை. "கொரியா" என்றார்.

வானதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க வெளியே ஓடினாள்.

கொஞ்ச நேரத்தில் பெண்கள் எல்லோரும் சேற்றுக்காலோடு கரையேறி, வரப்பில் வட்டமாக உட்கார்ந்து ஒப்பாரியைத் தொடங்கிவிட்டார்கள். பறித்துப் போட்ட நாற்று வெயிலில் கிடந்தது. ரெத்தினம் ஓடிப்போய், தூரத்துச் சொந்தந்தான், முகம்கூடச் சரியாகப் பழக்கமில்லை, வேலையைப் பாருங்கள் என்று கெஞ்சினார்.

"மொகம் பழகாதவனுக்கா இந்த அழுகை அழுதீங்க?" என்றாள் வானதி. "கல்யாணம் ஆயிருந்துச்சாண்ணே?"

ஆகவில்லை, கம்பெனி முதலாளி மகள் ஒருத்தியை விரும்பியிருந்தான் என்றார்.

"பொண்ணோட அம்மா ஒத்துக்கலையோ?"

"ஒத்துக்கல. கவர்ல பணத்தைப் போட்டு நீட்டி, எம்மவளை விட்டுடுன்னு சொல்லிட்டா. அந்தப் புள்ள அதைக் கையால தொடலை வானதி."

சொல்லும்போதே துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெண்கள் இன்னும் ஓங்கி மாரில் அடித்துக்கொண்டார்கள்.

நடவு நின்றுபோன சேதி கேட்டு வயல்காரர் நாகநாதன் வண்டியில் வந்து இறங்கினார். கோபமாக வந்தவர், விஷயம் தெரிந்ததும் இளகிவிட்டார். இன்றைக்குக் கூலி பிடிக்கக் கூடாது, வீட்டுக்குச் சேதி சொல்ல அவரவர் செல்லைக் கொடுத்துவிடு என்று ரெத்தினத்திடம் சொன்னார். அத்தோடு உரக்கடை சைபுல்லாவையும் வரவழைத்தார். வளைகுடாவில் யார் இறந்தாலும் உடம்பை ஊருக்குக் கொண்டுவர அலைகிற மனிதர் சைபுல்லா.

"சவூதியோ கொரியாவோ, வழி ஒண்ணுதான். பாஸ்போர்ட் நகல் மட்டும் குடுங்க, மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றார் அவர்.

ரெத்தினம் அவசரமாகக் குறுக்கிட்டார். அங்கேயே எரித்துவிட்டார்கள் என்று சொல்லிவைத்தார்.

"ஒடம்பே வரலையா?" நாகநாதனால் அதைத் தாங்க முடியவில்லை. "அப்ப ஒரு பேனராவது வைக்கணும்யா. எஞ்செலவு."

படம் எதுவும் இல்லை என்று ரெத்தினம் கையை விரித்தார்.

"செல்லைப் பாத்துப் பாத்துத்தானேண்ணே அழுதீங்க?" என்றாள் வானதி.

வேறு வழியில்லாமல் கொட்டகைக்குள் போனார். லாரி வருவதற்கு முன்னால், குடை பிடித்துக்கொண்டு அந்தப் பையன் சிரிக்கிற இடத்தில் தொடரை நிறுத்தி, அதைப் படம் பிடித்து நாகநாதனுக்கு அனுப்பினார்.

நாகநாதன் செல்லைத் தள்ளிப் பிடித்தும் கிட்டப் பிடித்தும் பார்த்தார். "என்னய்யா, ஒன் ஜாடை கொஞ்சங்கூட இல்லையே?"

"குளுரு ஊருங்க" என்று வானதி முந்திக்கொண்டாள். "போயி இருந்தா நீங்களும் இப்படித்தான் வெளுத்துப் போவீங்க."

வெயில் சாய்வதற்குள் பேருந்து நிறுத்தத்தில் பேனர் ஏறிவிட்டது. மேலே கண்ணீர் அஞ்சலி. நடுவில் கொரியாப் பையன் குடையோடு சிரித்தான். கீழே, மீளாத் துயரில் ரெத்தினம் மற்றும் நடவுத் தொழிலாளர்கள். பேனருக்கு அடியில் பெண்கள் செல்லும் கையுமாக உட்கார்ந்து, இடையிடையே அழுதார்கள். பஸ்ஸில் போனவர்கள்கூட எட்டிப் பார்த்து உச்சுக் கொட்டினார்கள். வருகிறவர்களின் கையையெல்லாம் பிடித்துப் பிடித்து ரெத்தினத்துக்குக் கை ஓய்ந்துபோனது. என்ன ஆனாலும் தன் மானம் தப்பித்தது என்று மூச்சு விட்டார்.

துக்க வீட்டுக்காரர்களுக்குக் கொடுக்க, தூக்குவாளியில் தேநீரோடு சைபுல்லாவின் மனைவி பாத்திமா வந்து சேர்ந்தார். பேனரை நிமிர்ந்து பார்த்தவர் வாளியைக் கீழே வைத்துவிட்டார்.

"அட, இந்தத் தம்பியா? இவுக அடுத்த பாகத்துலயே பொழைச்சு வந்து அந்தப் பொண்ணையே கட்டிக்கிறாகளே. ஏன் வானதி, போன மாசமே கடைசி வரைக்கும் பாத்துட்டு நீதானே எனக்குக் கதை சொன்னே?"