பெர்னிஸ் பிடித்த எதிரி

"ஒண்ணுமே தெரியலையே தம்பி. கும்மிருட்டா இருக்கு!" என்றார், கண்ணாடியை மாட்டி நின்ற பெர்னிஸ்.

லாயிடுக்கு வியர்த்தது. கண்களை முழுதாக மூடித் தலையில் மாட்டும், துப்பாக்கிச் சண்டை விளையாட்டின் வி.ஆர். கண்ணாடி ஒன்றையாவது இன்று விற்காவிட்டால், நாளை முதல் மறுபடி வாஷிங் மெஷின் பிரிவுதான் என்று மேலாளர் பிரெண்டா கறாராகச் சொல்லியிருந்தாள். டேட்டன் நகரத்தின் அந்த மின்சாதனக் கடையில், காலையிலிருந்து வந்த ஒரே வாடிக்கையாளர் இந்த அம்மாள்தான். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். டூசான் நகரில் இருக்கும் தங்கை, இதே விளையாட்டை ஆடிவிட்டு, "இன்னிக்கு நாப்பது பேரைச் சுட்டேன்" என்று வாராவாரம் போனில் பீற்றிக்கொள்வது பொறுக்காமல் வந்திருந்தார்.

பக்கத்து விளம்பரத் திரையில் சண்டை தூள் பறந்துகொண்டிருந்தது. கண்ணாடிக்குள்ளும் ஆட்டம் ஓடுகிறது என்று லாயிட் அதைப் பார்த்துத் தைரியமானான்.

"இது ராத்திரித் தாக்குதல் மேடம். இருட்டுதான் இந்த ஆட்டத்தோட பலமே!"

"சத்தமும் கேக்கலையே?"

"எதிரி பதுங்கியிருக்கான். மத்த விளையாட்டுல சும்மா டமால் டுமீல்தான். இதுல மூளை வேணும்."

"அப்படிச் சொல்லு!" பெர்னிஸ் இரண்டடி முன்னால் வைத்தார். நேராக ஒரு ஃபிரிட்ஜில் மோதினார். "அம்மாடி! சுவர்ல இடிச்சா வலிக்குதுப்பா!"

"அவ்வளவு தத்ரூபம் மேடம்," என்றான் லாயிட், ஃபிரிட்ஜின் மேலிருந்து சரிந்த பெட்டியைத் தாவிப் பிடித்தபடி.

நிமிர்ந்து நடந்தால்தானே இடிக்கும் என்று அவனுக்குத் தோன்றியது. "குனிஞ்சு போங்க. பதுங்கிப் போறவங்கதான் ஜெயிப்பாங்க."

குனிந்தவர் தவழ ஆரம்பித்தார். தவழ்ந்தவர் என்ன வேகம்! பெட்டியை இறக்கி வைத்துவிட்டு லாயிட் திரும்புவதற்குள் அலமாரிகளுக்கு நடுவே மறைந்துவிட்டார்.

"மேடம்! திரும்பி வாங்க!"

"ஷ்ஷ்! காட்டிக் குடுக்காதே!"

அடுத்த நொடி ஒரு அலறல். மலைபோல் அடுக்கியிருந்த ஏர் ஃபிரையர் பெட்டிகள் மடமடவென்று சரிந்தன. லாயிட் ஓடினான். பெட்டிகளுக்கு நடுவே பிரெண்டா மல்லாந்து கிடந்தாள். அவளது கணுக்காலைப் பெர்னிஸ் இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்திருந்தார்.

"உசிரோட பிடிச்சிட்டேன்!"

"லாயிட்!" பிரெண்டா காலை உதறிக்கொண்டு எழுந்தாள். முகம் சிவந்திருந்தது. "நாளைக்கு வாஷிங் மெஷின் பக்கம்கூட நீ வர வேணாம். வீட்டுலயே இரு!"

பெர்னிஸ் கண்ணாடியைக் கழற்றினார். தலைமுடி கலைந்து, கன்னங்கள் பளபளவென்றிருந்தன.

"யம்மா, என்ன ஒரு விளையாட்டு! அவன் கால் கதகதன்னு இருந்துச்சு. உதைச்சான் பாரு ஒரு உதை! என் தங்கச்சி நாப்பது பேரைச் சுட்டாளாம், ஒருத்தனையாவது கையால பிடிச்சிருப்பாளா? குறைன்னு பார்த்தா இருட்டு மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி. போகட்டும், மூணு குடு. என்கூட பஸ் ஓட்டின ரெண்டு பேருக்கும் சேர்த்து."

பிரெண்டாவின் முகம் மெல்ல மாறியது. சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். "லாயிட் எங்க கடையோட சொத்து மேடம்," என்றாள்.

லாயிட் பூரித்துப்போய் மூன்று கண்ணாடிப் பெட்டிகளையும் கட்டிக்கொண்டிருந்தபோது, துப்புரவு செய்யும் ரோசல்பா துடைப்பத்தோடு வந்து நின்றாள்.

"லாயிட், காலையில கூட்டுறப்போ அந்தக் கண்ணாடியோட வயரைப் புடுங்கி வெச்சேன். இப்ப சொருகட்டுமா?"