கிணத்துக்கடவு கூலிக்கு ஒரு ஏசி

படித்தவன் ஒருத்தன் இருக்கிற வீட்டில் எந்தப் பொருளையும் நேராகக் கடைக்குப் போய் வாங்கிவிட முடியாது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படித்தவன் நான். (அந்தக் கொடுமையை வீட்டார் இன்னும் அனுபவிக்கிறார்கள்.)

சித்திரை வெயிலில் ஹால் ஏசி செத்துப்போனது. ஞாயிற்றுக்கிழமை அக்காவைப் பெண் பார்க்க வருகிறார்கள்.

"பேசாம பக்கத்துக் கடையில சொல்லி வேற ஒண்ணு மாட்டிப்போடு கண்ணு" என்றார் அம்மா.

நான் பேசாமல் இருப்பேனா? ஊர் ஊராக விசாரித்துக் கம்ப்யூட்டரில் பட்டியல் போட்டேன். பழசைக் கழற்றிப் புதுசு மாட்ட எங்கள் கோயமுத்தூர் காந்திபுரத்தில் கேட்ட கூலியில் பாதிதான் பக்கத்துச் சிற்றூரான கிணத்துக்கடவில். அதே ஏசி, அதே பைப், அதே ஸ்க்ரூ! கோயமுத்தூரின் சதியை ஒற்றை ஆளாக முறியடித்த பெருமிதத்தோடு கிணத்துக்கடவுக்குப் போன் போட்டேன்.

ஞாயிறு காலை மெக்கானிக் சுப்பிரமணி வந்தார். பழசைக் கழற்றினார், புதுசை உள்சுவரில் மாட்டினார். வெளிச்சுவரில் மாட்டவேண்டிய அவுட்டோர் பெட்டியை வைக்க ஜன்னலைத் திறந்து கீழே பார்த்தார். மூன்றாவது மாடி.

"ஏனுங்க, எங்கூர்ல எல்லாம் தரையோட இருக்கற ஊடுங்க. இங்க தொங்கி மாட்டோணும்னா கயிறு வேணும், இன்னும் ரெண்டு ஆளு வேணுங்க. அதுக்குத்தானுங்க டவுன்ல கூலி சாஸ்தி."

(என் பட்டியலில் 'மாடி' என்றொரு கட்டமே இல்லை.)

இன்னும் அரை மணியில் வந்துவிடுவோம் என்று மாப்பிள்ளை வீட்டுப் போன். உடனே தீர்ப்புச் சொன்னேன்: "அவுட்டோர் இந்த ஹால் மூலையிலயே இருக்கட்டுங்க. பைப்பைக் கோத்து ஓட்டுங்க."

சுப்பிரமணி என்னைப் பார்த்தார். அவுட்டோரைப் பார்த்தார். "படிச்சவங்க சொல்றீங்க. உங்களுக்குத் தெரியாததுங்களா" என்றார். (எங்கள் பக்கத்தில் 'அட முட்டாளே' என்பதை இதைவிட மரியாதையாகச் சொல்ல வழியில்லை.)

மூலையில் வைத்த அவுட்டோர்மேல் ஒரு பூ ஜாடியும் வைத்து அழகுபடுத்தினேன்.

மாப்பிள்ளையின் அப்பா சரியாக அதற்கு எதிரில் உட்கார்ந்தார். சுவிட்சைப் போட்டேன். சுவரிலிருந்து இறங்கிய குளிர் அவரை எட்டுவதற்குள், மூலையில் இருந்த பூதம் அறையின் சூட்டையெல்லாம் திரட்டி அவர் முகத்தில் ஊதியது. நெற்றித் திருநீறு வேர்வையில் கரைந்து மூக்குக்கு வந்தது. காபித் தட்டோடு வந்த அக்கா, மூன்று நாள் ஒத்திகை பார்த்த சிரிப்பை மறந்து என்னை முறைத்தாள்.

"ஏனுங்க தம்பி, இது ஏசிங்களா, ஹீட்டருங்களா?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

சம்பந்தம் அவ்வளவுதான் என்று அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

மாப்பிள்ளை எழுந்து சுவிட்சை அணைத்தார். ஜன்னல்களைத் திறந்துவிட்டு அக்காவிடம் கேட்டார்: "உங்க தம்பி எப்பவுமே இப்படித்தானுங்களா?"

"இன்னைக்குப் பரவாயில்லீங்க" என்றாள் அக்கா.

அவர் சிரித்த சிரிப்பில் கல்யாணம் முடிவானது. மறுநாள் காந்திபுரத்து ஆட்கள் கயிற்றோடு வந்து, முழுக் கூலிக்கு அவுட்டோரை வெளியே மாட்டினார்கள்.

என் கூலிப் பட்டியலின் கதையை அக்கா புகுந்த வீட்டில் சொல்லிவிட்டாள். அக்காவின் மாமனார் இன்றைக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தால் உடனே உட்காருவதில்லை. ஹாலின் நாலு மூலையையும் நிதானமாகப் பார்த்துவிட்டு என்னைக் கேட்பார்:

"தம்பி, எந்த எடத்துல உக்காந்தா கூலி கம்மிங்க?"