மருந்துக்கு நோய் கண்டுபிடித்த மாப்பிள்ளை

மதிப்பும் பொறுமையும் மிக்க சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இந்த வீட்டில் என் வலது முழங்காலைத் தவிர அனைவரும் நலம். தங்கள் வீட்டில் யாருக்கும் எந்த உறுப்பும் விதிவிலக்காகாமல் நலமாக இருக்க வேண்டுகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் அங்கே போனை எடுப்பவர் சம்பந்தியம்மா. அவர்களிடம் அவர்கள் மகனைப் பற்றி அரை வார்த்தை குறை சொல்லிவிட்டு நல்ல பெயரோடு போனை வைத்தவர் இனிமேல்தான் பிறக்க வேண்டும். ஆகவே கடிதம். தனியாக உட்கார்ந்து படிக்கவும்.

தங்கள் மகன் தங்கம் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. என் பெண்ணைக் கண் கலங்காமல் வைத்திருக்கிறார், பொய் சொல்வதில்லை, சத்தம் போடுவதில்லை. சம்பந்தம் பேசிய நாளில் முழங்கால் ஆபரேஷனுக்கான கருவிகளை விற்கும் கம்பெனியில் வேலை என்று தாங்கள் சொன்னபோது, சரி, கௌரவமான வேலை, ஏதோ ஒரு கடையில் குளுகுளுவென்று உட்கார்ந்து விற்பார் என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் கருவிகளை மாமனார் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவருவார் என்று தாங்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தப்பு இரண்டு பக்கமும்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண்ணும் மாப்பிள்ளையும் சாப்பிட வந்தார்கள். மாப்பிள்ளை கையில் ஒரு பெட்டி. சாப்பாடு முடிந்ததும் தட்டுகளை ஒதுக்கிவிட்டு, தண்ணீர் ஜாடிக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் முழங்கால் ஒன்றை எடுத்து வைத்தார். மறுநாள் ஒரு பெரிய டாக்டரிடம் புதுக் கருவி ஒன்றைக் காட்டிப் பேச வேண்டுமாம். ஒத்திகைக்கு நாங்கள் டாக்டர்களாக உட்கார வேண்டுமாம். “முன்னெல்லாம் முட்டியப் பொளந்து தைப்பாங்க மாமா. இப்ப ரெண்டு சின்ன ஓட்டை போதும். ஒண்ணுல கேமரா, இன்னொண்ணுல இது” என்று துப்பாக்கி போல விசை வைத்த ஒரு கைப்பிடியைக் காட்டினார். முனையில் வளைந்த ஊசி, ஊசிக்குள் அரிசி மணி அளவில் இரண்டு குட்டி நங்கூரங்கள், அவற்றைச் சேர்த்துக் கட்டிய நூல். விசையை ஒரு தரம் அழுத்தினால் முதல் நங்கூரம் ஜவ்வுக்குப் பின்னால் போய் மாட்டிக்கொள்ளும், மறுபடி அழுத்தினால் இரண்டாவது. நூலை இழுத்தால் முடிச்சு தானாக இறுகி, கிழிந்த ஜவ்வு ஒட்டிக்கொள்ளும். “கொழந்தைகூட செய்யலாம் மாமா, நீங்களே ஒரு தடவை அழுத்திப் பாருங்க” என்றார். அழுத்தினேன். நூல் அறுந்து, ஒரு நங்கூரம் பிளாஸ்டிக் முழங்காலைத் தாண்டி, என் மனைவியின் காதோரமாகப் பறந்து, சோபாவுக்கு அடியில் போய் விழுந்தது.

“ஐயோ மாமா, இருக்கிறதே அந்த ஒரு சாம்பிள்தான்!” என்றார். அவர் முகம் போன போக்கைப் பார்த்ததும் எனக்கு மனம் பொறுக்கவில்லை. சட்டென்று குத்துக்காலிட்டு, தலையை சோபாவுக்கு அடியில் கொடுத்து, உடம்பை ஒரு திருகு திருகிக் கையை நீட்டினேன். ‘டப்’ என்று ஒரு சத்தம். சோபாக் கால்தான் போயிற்று என்று நினைத்தேன். எழுந்திருக்கப் பார்த்த பிறகுதான் போனது யாருடைய கால் என்று தெரிந்தது. நான் அலறியதில் எல்லோரும் ஓடி வந்தார்கள். மாப்பிள்ளையும் ஓடி வந்தார். முதலில் நங்கூரத்தை எடுத்தார், பிறகு என்னை எடுத்தார். சோபாவில் சாய்த்து, முட்டியின் உள்பக்கமாக விரலால் ஒரு அழுத்து அழுத்தி, “இங்கயா? நீட்ட முடியலையா? நடுவுல ஏதோ மாட்டுற மாதிரி இருக்கா?” என்றார். ஆமாம் ஆமாம் என்று துடித்தேன். ஒவ்வொரு ஆமாமுக்கும் அவர் முகம் மலர்ந்துகொண்டே போனது. “மாப்ள, அவருக்கு ஒண்ணும் ஆகலயே?” என்று என் மனைவி கேட்டதற்கு, “பயப்படாதீங்க அத்தை, அருமையான கிழிசல்!” என்றார். நோய்க்கு மருந்து கண்டுபிடித்தவர்கள் உலகத்தில் ஆயிரம் பேர் உண்டு, சம்பந்தி. கையில் இருக்கும் மருந்துக்கு நோய் கண்டுபிடித்தவர் உங்கள் பிள்ளை ஒருவர்தான்.

ஜவ்வுக் கதையை ஜவ்வாக இழுக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். மறுநாள் மாப்பிள்ளை அந்தப் பெரிய டாக்டரிடம் கருவியோடு என்னையும் கொண்டுபோனார். டாக்டர் எழுந்து நின்று மாப்பிள்ளைக்குக் கை கொடுத்தார். என்னைப் பார்த்து, “ஓ, கேஸும் கொண்டு வந்துட்டீங்களா?” என்றார். ஸ்கேன் எடுத்தார்கள். “ரெண்டு வழி இருக்கு. கிழிஞ்ச ஓரத்த நறுக்கி எடுத்துட்டா சீக்கிரம் நடக்கலாம். தச்சா ஆறு வாரம் ஊன்றுகோல், ஆனா ஜவ்வு மிச்சமாகும்” என்றார். நான் “நறுக்கிடுங்க” என்றேன். மாப்பிள்ளை “தச்சிடுங்க” என்றார். டாக்டர் என் பக்கம் திரும்பாமலே தையல் என்று எழுதிக்கொண்டார். அந்த அறையில் என்னைவிட அந்த பிளாஸ்டிக் முழங்காலுக்கு மரியாதை அதிகம். அதைத் தொடும் முன்பு டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டார். கிளம்பும்போது மாப்பிள்ளையின் தோளைத் தட்டி, “இத நான் இதுவரைக்கும் போட்டதில்ல. ஆபரேஷன் அன்னிக்கி நீங்க கூட நிக்கணும்” என்றார். பார், குடும்பத்து ஆள் பக்கத்தில் இருந்தால் நோயாளிக்குத் தைரியம் என்று நினைக்கிறாரே, என்ன நல்ல மனுஷன் என்று நான் உருகிப்போனேன். தைரியம் யாருக்குத் தேவைப்பட்டது என்பது மேசையில் படுத்த பிறகுதான் விளங்கியது.

முதுகில் ஒரு ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே நான் இல்லாமல் போனேன். இடுப்புக்கு மேலே முழுசாக இருந்தேன்; குறிப்பாகக் காது இருந்தது. நடுவில் ஒரு பச்சைத் துணியைக் கட்டிவிட்டதால் என் கால் அயல்நாடு ஆகிவிட்டது, அங்கே நடப்பதை நான் வானொலிச் செய்தி போலக் கேட்டுக்கொண்டிருந்தேன். முட்டிக்குள் கேமராவுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று ஒரு குழாய் வழியாகத் தண்ணீர் விடுவார்களாம். “தண்ணி வரலையே” என்றார் டாக்டர். நானோ வாழ்நாளெல்லாம் குடிநீர் அலுவலகத்தில் குழாய்களோடு குடித்தனம் நடத்தி ஓய்வு பெற்றவன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. “வாஷர் போயிருக்கும்” என்றேன். “யாரு பேசுறது?” என்றார் டாக்டர். “பேஷண்ட் சார்” என்றார் நர்ஸ். “இன்னும் தூங்கலையா?” “இடுப்புக்குக் கீழதான் சார் தூங்குறாரு.” கடைசியில் பார்த்தால் வாஷரும் இல்லை ஒன்றும் இல்லை, டாக்டரே குழாயை மிதித்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

அதற்குப் பிறகு நான் கேட்டதை எந்த மாமனாரும் கேட்கக் கூடாது. “அடுத்தது என்ன?” என்று டாக்டர் கேட்கிறார். “கொக்கியால ஜவ்வத் தூக்கிப் பாருங்க டாக்டர். ஆங், இப்ப ஊசிய உள்ள விடுங்க. கொஞ்சம் எடது. உங்க எடது இல்ல, டிவியில எடது” என்று உங்கள் பிள்ளை, கார் பின்னால் வர வழி சொல்லும் வாட்ச்மேன் மாதிரி சொல்கிறார். “வந்துருச்சு” என்றார் டாக்டர். “என்ன டாக்டர் வந்துருச்சு?” “நங்கூரம். ஊசியோட வெளிய வந்துருச்சு.” “அதனால என்ன டாக்டர், பெட்டியில இன்னும் இருக்கு” என்றார் மாப்பிள்ளை. இந்த ஆறுதலில் டாக்டர் தெளிந்துவிட்டார்; நான்தான் வியர்த்துப்போனேன்.

இரண்டாவது கருவியைப் பிரித்தார்கள். ஊசி உள்ளே போனது, விசையை அழுத்தினார்கள். “கிளிக் வந்துச்சா?” என்றார் மாப்பிள்ளை. “உங்களுக்குக் கேட்டுச்சா?” என்றார் டாக்டர். “நீங்கதான டாக்டர் அழுத்துனீங்க?” “நீங்கதான கம்பெனி?” உடனே மாப்பிள்ளை தன் மேனேஜருக்குப் போன் போடச் சொன்னார். நர்ஸ் போனைத் தூக்கிப் பிடித்தார். மேனேஜர் நடுரோட்டில் நிற்கிறார் போலிருக்கிறது, ஹாரன் சத்தத்துக்கு நடுவே அவர் குரல் கத்தியது: “கிளிக் கேக்காம ஊசிய வெளிய எடுக்கவே கூடாது! எடுத்தா…” லைன் போய்விட்டது. “எடுத்தா என்ன?” என்றார் டாக்டர். யாருக்கும் தெரியவில்லை. என் முட்டிக்குள் ஊசியை நிறுத்தி வைத்துக்கொண்டு மூன்று பேர் யோசிக்கிறார்கள். எனக்குத் தாங்கவில்லை, சம்பந்தி. “மாப்ள, கிளிக் வந்துச்சு. எனக்குக் கேட்டுச்சு” என்றேன். “நெஜமாவா மாமா?” “சத்தியமா மாப்ள. எடுங்க.” அது கருவியின் கிளிக்கா, நர்ஸ் கையிலிருந்த பேனாவின் கிளிக்கா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அந்த அறையில் யாராவது ஒருவர் முடிவெடுக்க வேண்டியிருந்தது, எடுத்தேன். ஊசி வெளியே வந்தது, நங்கூரம் உள்ளேயே நின்றது. அடுத்ததும் நின்றது. நூலை இழுத்து, முடிச்சை இறுக்கி, நறுக்கிவிட்டு, டாக்டரும் மாப்பிள்ளையும் என் காலுக்கு மேலாகக் கையைக் குலுக்கிக்கொண்டார்கள். எனக்கு யாரும் கை கொடுக்கவில்லை.

டாக்டருக்குப் படிப்பு கொடுத்திருக்கிறார்கள், விற்கிறவருக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள், கருவிக்கு நாலு மொழியில் கையேடு கொடுத்திருக்கிறார்கள். நோயாளிக்கு மட்டும் ஒன்றும் கொடுப்பதில்லை, கையெழுத்து மட்டும் வாங்கிக்கொள்கிறார்கள்.

இதோடு விட்டாரா தங்கள் மகன்? ஆபரேஷனைப் படம் பிடித்து வந்து எங்கள் வீட்டு டிவியில் போட்டுக் காட்டுகிறார். நான் ஊன்றுகோலோடு மூலையில் கிடக்க, என் உட்புறம் கூடத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. “இது என்ன மாப்ள, நைஞ்சுபோன திரைச்சீலை மாதிரி?” என்கிறாள் என் மனைவி. “அதுதான் அத்தை, மாமா” என்கிறார். கரண்ட் மீட்டர் பார்க்க வந்தவர் நின்று முழுசாகப் பார்த்துவிட்டு, எந்தச் சேனல் என்று கேட்டுப் போனார். போன வாரம் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பேரை அழைத்து வந்து, “மாமா, கொஞ்சம் முட்டியக் காட்டுங்க” என்றார். அவர்கள் ஸ்கேல் வைத்துத் தழும்பை அளந்தார்கள். அதில் ஒருவர், “அந்தக் கால் எப்படி சார் இருக்கு?” என்றார். அவர் பார்வையில் ஒரு பசி தெரிந்தது, சம்பந்தி. அன்றைக்கு ராத்திரி இடது காலைப் போர்வைக்குள் சுருட்டிக்கொண்டு படுத்தேன்.

ஆகவே தங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். தகப்பன் என்ற உரிமையில் கண்டித்துச் சொல்லி, தங்கள் மகனை இந்த வேலையிலிருந்து மீட்டுக்கொள்ளவும். மெத்தை விற்கட்டும், மின்விசிறி விற்கட்டும், மனித உடம்புக்குள் போகாத எதை வேண்டுமானாலும் விற்கட்டும். மாமனார் ஒருவர்தான், அவருக்கும் கால் இரண்டுதான்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கத்தை, காரணம் சொல்லாமல், தெரிவிக்கவும். சின்னவர்களுக்கு ஆசிகள். எல்லோரும் நிமிர்ந்து நடந்து நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
ஒற்றைக் காலில் நின்று எழுதும்
தங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் டாக்டரே போன் செய்தார். எலும்பு டாக்டர்கள் எல்லாம் கூடும் பெரிய மாநாடாம். என் முழங்கால் படத்தைத் திரையில் போட்டுவிட்டு, முடிந்ததும் நானே யார் துணையும் இல்லாமல் மேடைப் படியேறி நடந்து காட்ட வேண்டுமாம். நூற்றுக்கணக்கான டாக்டர்கள் எழுந்து நின்று கை தட்டுவார்களாம். கோட்டுக்கு அளவு கொடுத்துவிட்டேன். இத்தனை பக்கம் எழுதியதைக் கிழிக்க மனம் வரவில்லை. ஆனால் மேலே உள்ளதெல்லாம் முதுகில் போட்ட ஊசியின் வேலை என்று எடுத்துக்கொள்ளவும். மாப்பிள்ளையை வேலையை விடச் சொன்னால் நம் உறவு கெடும், சொல்லிவிட்டேன். எப்படிக் கிழிந்தது என்று மேடையில் கேட்பார்களாம். சோபா என்றால் நன்றாக இருக்காது, கால்பந்து என்று சொல்லிவிடுங்கள் என்றார் டாக்டர். எனக்குப் பொய் பிடிக்காது என்பது தங்களுக்குத் தெரியும். டென்னிஸ் என்று சொல்லலாமா என்று கேட்டிருக்கிறேன்.