தார்தோ பார்க்காத படத்துக்கு விமர்சனம்

"இந்தச் சனிக்கிழமை நான் வாயைத் திறந்தால் மொந்தேவிதேயோ காதைத் திறக்கும்" என்று தார்தோ எச்செகோயன் சபதம் செய்தார். கட்டிலில் படுத்துக்கொண்டு செய்தார். பெரிய காரியங்களையெல்லாம் அவர் படுத்தபடிதான் செய்வார். சின்னக் காரியங்களுக்கு மனைவி ஸுல்மா இருந்தாள்.

தார்தோ எங்கள் மெர்சேதெஸ் ஊரின் ஒரே சினிமா விமர்சகர். உள்ளூர் வானொலியில் சனிக்கிழமைதோறும் அவருடைய நிகழ்ச்சி: 'இருட்டில் ஒரு கண்'. யாருடைய கண் என்று ஊர் கேட்டதில்லை. தியேட்டர்காரர் இலவசமாகத் தரும் இரண்டு டிக்கெட்டோடு கணவனும் மனைவியும் ஜோடியாகப் போவார்கள். தார்தோ வாசலில் நின்று நாலு பேருடைய கையைக் குலுக்குவார். விளக்கு அணைந்ததும் பக்கக் கதவு வழியாக நழுவி, எதிரே கிளப்பில் ட்ரூக்கோ சீட்டாட உட்கார்ந்துவிடுவார். படம் முடிகிற நேரத்துக்குத் திரும்பி வந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டே கூட்டத்தில் கலந்துகொள்வார்.

வீட்டுக்கு வந்ததும் ஸுல்மா கதை சொல்வாள். அவள் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் படித்தவள். ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் முடிக்கத் தெரியும். கல்யாணத்துக்குப் பிறகு முடிக்கத்தான் விட்டதில்லை. அவள் அடுப்படியில் சொன்னதை அவர் மைக்கில் சொல்வார், தொண்டையைக் கொஞ்சம் கனைத்துக்கொண்டு. "என்ன கண்ணுய்யா இந்த மனுஷனுக்கு!" என்று ஊர் வியக்கும். ஸுல்மா பாத்திரம் தேய்ப்பாள்.

இந்தச் சனிக்கிழமை விசேஷம். 'வந்து தங்கியவர்கள்' என்றொரு படம். வானத்திலிருந்து விழுந்தவர்கள் மனித உருவம் எடுத்து, நம் உருகுவாயிலேயே ஒரு ஆற்றங்கரை ஊரில் குடித்தனம் நடத்துகிற கதை. எடுத்த இயக்குநர் மிர்னா பெல்லோனி நேரிலேயே நிலையத்துக்கு வருகிறாள். தலைநகர் மொந்தேவிதேயோவின் வானொலியும் அந்த நிகழ்ச்சியை எடுத்து ஒலிபரப்பப் போகிறது. நிலைய முதலாளி பல்தசார் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "நல்லா அமைஞ்சா உன் நிகழ்ச்சி மொந்தேவிதேயோவுக்குப் போகும். சொதப்பினா உன் நேரத்துல மாட்டுச் சந்தை நிலவரம் வாசிப்பேன்."

வியாழக்கிழமை படம் பார்த்துவிட்டு, அதாவது ஸுல்மா பார்த்துவிட்டு, இருவரும் வீடு திரும்பினார்கள். மழை பிடித்துக்கொண்டது. மழை வந்தால் எங்கள் ஊரில் மாவைத் தட்டிப் பொரித்தாக வேண்டும். ஸுல்மா ஒரு கையால் பொரித்தாள், மறு கையால் மாத்தே ஊற்றினாள். ஒரே குவளையில் இலையைப் போட்டு, வெந்நீர் ஊற்றி ஊற்றி, ஆள் மாற்றி ஆள் உறிஞ்சுகிற பானம் அது. முதல் குவளையை அவளே குடித்தாள். முதல் குவளை கடுங்கசப்பு. ஊற்றுகிறவர் தலையில்தான் அது விடியும். 'முட்டாளின் குவளை' என்றே அதற்குப் பெயர். அந்த வீட்டில் அந்தப் பதவி நிரந்தரமாக ஸுல்மாவுக்குத்தான். கசப்பு போன இரண்டாவது குவளை தார்தோவுக்கு.

உறிஞ்சிவிட்டு அவர் பேசாமல் குவளையை நீட்டினார்.

"ஒரு நன்றி சொன்னா வாய் வெந்துடுமா, கிழவா?"

"நல்லா இருக்கே! குவளையத் திருப்பிக் குடுக்கும்போது நன்றின்னா என்ன அர்த்தம்? போதும், இனி ஊத்தாதேன்னு அர்த்தம். நான் உனக்கு நன்றி சொன்னா நீ ஊத்தறத நிறுத்திடுவியே, கிழவி!"

இந்த நகைச்சுவையை அவர் கிளப்பில், தபால் ஆபீசில், முடிவெட்டும் கடையில் என்று ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். வானொலியில்கூட இரண்டு தடவை சொல்லியாகிவிட்டது. ஊருக்கே மனப்பாடம்.

"சரி, நன்றி வேணாம்" என்றாள் ஸுல்மா. "இந்த ஒரு தடவை என் பேரைச் சொல்லு. 'ஸுல்மாவும் நானும் பார்த்தோம்'னு. மொந்தேவிதேயோவுல எங்க அக்கா கேட்பா."

"வானொலில வீட்டுப் பேச்சு எதுக்கு? ரசிகர்கள் தார்தோவத்தான் கேக்க வர்றாங்க. அதை விடு. கதையச் சொல்லு. யாரு அந்த வேற்றுக்கிரகவாசி?"

ஸுல்மா எண்ணெயில் ஒரு ரொட்டியைத் திருப்பிப் போட்டாள்.

"அந்த ஊர்ல ஒரு மருந்துக்கடைக்காரன். அவன்தான்னு ஊரே நம்புது. ஏன்னா அவன் மாத்தே குடிக்கறதே இல்ல."

"அடடா! மாத்தே குடிக்காத மனுஷன். பிரமாதம்! அப்புறம்?"

"பாவம், அவனுக்கு வயித்துப்புண். ஊர் சேர்ந்து அவன் கடையக் கொளுத்திடறாங்க. ஆனா அந்தக் கூட்டம் பூரா ஒரு முனிசிபல் குமாஸ்தா வீட்லதான் நடக்குது. அவனுக்கு ஒரு பொண்டாட்டி. அவதான் எல்லாருக்கும் தண்ணி சுடவெச்சு..."

"இந்த அடுப்படிக் கதையெல்லாம் எதுக்கு?"

"அதுலதான் விஷயமே இருக்கு. அவ ஊத்தறா, ஊத்தறா, முப்பது வருஷமா ஊத்தறா, ஆனா..."

"போதும், போதும்! பொண்டாட்டி ஊத்தறதப் பார்க்கவா ஜனங்க டிக்கெட் வாங்கறாங்க? மருந்துக்கடைக்காரன், தீ, முடிஞ்சது. மீதிய நான் பாத்துக்கறேன்."

ஸுல்மா கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு சொன்னாள்: "போதுமா? கேட்டுக்கோ, அப்புறம் குறை சொல்லக் கூடாது."

"போதும்னா போதும்."

அவள் வாக்கியத்தை முடிக்காமலே அடுப்பை அணைத்தாள்.

சனிக்கிழமை தார்தோ கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு போனார். வானொலிக்குக் கோட்டு எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. மிர்னா பெல்லோனி எதிரே உட்கார்ந்தாள்; குட்டை முடி, கணுக்கால் வரை சேறு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பல்தசார் கட்டைவிரலை உயர்த்தினார்.

தார்தோ வெளுத்து வாங்கினார். மருந்துக்கடைக்காரனைப் பற்றிப் பேசினார். மாத்தே குடிக்காதவன் மனிதனே அல்ல என்றார். "அந்நியன் நம்மோடு வாழலாம், நம்மோடு உறிஞ்ச முடியாது!" என்று முழங்கினார். மிர்னாவின் புருவம் ஏறிக்கொண்டே போனது. பாராட்டு தாங்காமல் ஏறுகிறது என்று நினைத்தார்.

"ஆனால் ஒரு குறை" என்றார், விமர்சகராயிற்றே. "அந்தக் குமாஸ்தாவின் மனைவி. அந்தப் பாத்திரத்தையே வெட்டி எறிந்திருக்கலாம். படம் முழுக்கத் தண்ணீர் சுடவைத்து ஊற்றுகிறாள். அவள் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?"

மிர்னா மெதுவாகக் கேட்டாள்: "படம் பார்த்தீங்களா?"

"வரி வரியாக!"

"வேற்றுக்கிரகவாசி அவதாங்க. அந்தப் பொண்டாட்டி."

வீட்டில் மௌனம் என்றால் கோபம். வானொலியில் மௌனம் என்றால் வேலை போயிற்று. கண்ணாடிக்கு அப்பால் கட்டைவிரல் இறங்கியது.

"அது... அதை நான் ஒரு உருவகமாக..." என்று தார்தோ ஆரம்பித்து, உருவகத்துக்குள்ளேயே வழி தெரியாமல் நின்றார்.

மிர்னா மைக்கைத் தன் பக்கம் இழுத்தாள். "கேக்கறவங்கள்ல யாராவது படத்தக் கடைசி வரைக்கும் பார்த்தீங்களா? போன் பண்ணிச் சொல்லுங்களேன்."

அவள் வாயை மூடுவதற்குள் மணி அடித்தது.

"வணக்கம்" என்றது ஒரு குரல். தார்தோ தினமும் அடுப்படியில் கேட்கிற குரல். "என் பேரு ஸுல்மா. முப்பது வருஷம் ஊருக்கே ஊத்தினாளே, அவ ஒரு வாய் குடிக்கல. முட்டாளின் குவளைய, அவ குடிக்க வேண்டியத, ஒவ்வொரு தடவையும் ஜன்னல் செடில கொட்டினா. செடி பெருசாயிட்டே போச்சு. ஒருத்தரும் பாக்கல. ஏன்னா ஊத்தறவ மூஞ்சிய யாரும் பாக்கறதில்ல, அடுத்த குவளையத்தான் பாக்கறாங்க. கடைசியில அவ ஆத்துல இறங்கிப் போயிடறா. புருஷன் அப்பவும் கவனிக்கல. தெர்மாஸ்ல தண்ணி ஆறிப்போச்சுன்னுதான் திரும்பிப் பாக்கறான்."

மிர்னா மைக்கை நோக்கிக் குனிந்தாள். "இதுக்குத்தான் இந்தப் படத்த எடுத்தேன். நீங்க எங்க உக்காந்து பார்த்தீங்க, அம்மா?"

"காலி சீட்டு ஒண்ணு இருந்துச்சு. என் வீட்டுக்காரரோடது. அதுக்குப் பக்கத்துல."

மெர்சேதெஸ் ஊரில் அன்று அத்தனை வானொலிகளும் ஓடிக்கொண்டிருந்தன. தார்தோ நடந்து வீடு வரும்போது ஜன்னலுக்கு ஜன்னல் அவர் மனைவியின் குரல். கிளப் வாசலில் சீட்டுக் கூட்டாளிகள் தொப்பியைத் தூக்கி, "படம் எப்படி, தார்தோ?" என்றார்கள்.

"வேற்றுக்கிரகமாம், வேற்றுக்கிரகம்!" என்று கத்திக்கொண்டே அவர் உள்ளே நுழைந்தார். "எல்லாம் என் கிரகம்! ஏன் பொய் சொன்னே?"

"எதுடா பொய்? அவன்தான்னு ஊரே நம்புதுன்னேன். நம்பிச்சு. மீதியச் சொல்ல வாயெடுத்தேன். நீ போதும்னே."

"தடுத்தாலும் மீறிச் சொல்லியிருக்கணும்!"

"அந்தப் பழக்கம் போயிடுச்சு, கிழவா."

பல்தசார் மாட்டுச் சந்தை நிலவரம் வாசிக்கவில்லை. நிகழ்ச்சியை ஸுல்மாவுக்குக் கொடுத்தார். மொந்தேவிதேயோ தன் பங்குக்கு, இங்கேயே வந்து பேசுங்கள் என்றது. அவள் ஒரு சின்னப் பெட்டியோடு பஸ் ஏறினாள். அக்கா வீட்டில் தங்கிக்கொள்வாளாம்.

"எப்பத் திரும்பி வருவே?" என்று பஸ் நிலையத்தில் கேட்டார் தார்தோ.

"நிகழ்ச்சியக் கேளு. சொல்றேன்."

"ஸுல்மா, ஒரே ஒரு தடவை என் பேரச் சொல்லிடு. ஊர்ல தலை காட்ட முடியல."

"சொல்றேன். உன்ன மாதிரியா நான்?"

சனிக்கிழமை வந்தது. தார்தோ தெருப்பக்கத்து ஜன்னல்களை எல்லாம் திறந்துவைத்தார். வானொலியை ஜன்னலோரம் வைத்து ஒலியைக் கூட்டினார். எதிர்வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு, "என் பேர் வரப்போகுது, கேளுங்க" என்றார். தானே தண்ணீர் சுடவைத்து, தானே ஊற்றினார். ஊற்றுகிறவர் அவரே ஆனதால் முதல் குவளையும் அவருக்கே. அத்தனை கசப்பு என்று யாரும் அவருக்கு முன்பு சொன்னதில்லை. சொல்ல வந்திருந்தாலும் அவர் கேட்டிருக்க மாட்டார்.

நிகழ்ச்சி முடியும்போது ஸுல்மா சொன்னாள், தெளிவாக, முழு வாக்கியமாக: "இத்தனை வருஷம் எனக்குப் படம் பார்க்க நேரம் கொடுத்த என் கணவர் தார்தோ எச்செகோயன் அவர்களுக்கு..."

தார்தோ நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"...நன்றி."

தெருவே சிரித்து ஓய்ந்த பிறகுதான் அவருக்குப் புரிந்தது. தெர்மாஸைத் தொட்டுப் பார்த்தார், தண்ணீர் ஆறிப்போயிருந்தது.