தேன்மெழுகு பிஸ்கட்டும் வெர்னாவின் கோபமும்

ரோலா, மிசூரி
செவ்வாய்க்கிழமை

மரியாதைக்குரிய மச்சான் லைல் அவர்களுக்கு,

உங்கள் தங்கை வெர்னாவின் கணவன் ஹார்லன் பணிவுடன் எழுதுவது. இங்கே நானும் பசுக்கள் இரண்டும் சுகம். அங்கே உங்கள் சுகமும், மேவிஸ் அக்காவின் முழங்கால் சுகமும், முக்கியமாக ஞாயிற்றுக்கிழமை பெட்டியோடு உங்கள் வீட்டில் வந்து இறங்கிய வெர்னாவின் சுகமும் அறிய ஆவல். அவள் என்ன சொன்னாளோ தெரியாது. என் தரப்பையும் கேட்டுவிட்டு, நாலு நல்ல வார்த்தை சொல்லி அவளை அனுப்பிவையுங்கள். முப்பத்தெட்டு வருஷத்தில் அவள் இல்லாமல் நான் சேர்ந்தாற்போல் இரண்டு நாள் இருந்ததில்லை.

எல்லாவற்றுக்கும் காரணம், ஓய்வு பெற்றதும் நான் வாங்கிய அந்தப் பழைய மாதிரி ரிவால்வர்தான். உள்ளங்கை அளவுதான் இருக்கும், ஆனால் கைக்குழந்தைக்குச் செய்கிற அத்தனை பணிவிடையும் அதற்குச் செய்ய வேண்டும். அதன் உருளையிலுள்ள ஐந்து குழியிலும் கருமருந்தை அளந்து கொட்டி, மிச்ச இடத்தைக் கஞ்சி ரவை போட்டு நிரப்பி, ஈயக் குண்டை வைத்து அழுத்தி, ஒரு குழியின் நெருப்பு அடுத்த குழிக்குத் தாவாமலிருக்க மேலே கொழுப்பைப் பூசி, பின்னால் தட்டினால் பொறி பறக்கும் செப்புக் கேப்பு மாட்டி, இத்தனையும் செய்து சுட்டால் எதிரே புகை மட்டும்தான் தெரியும். அன்றைக்கே சோப்பும் வெந்நீரும் விட்டுக் கழுவாவிட்டால் மறுநாள் துருப்பிடிக்கும். இதற்கெல்லாம் சாமான் எங்கே இருக்கிறது? வெர்னாவின் அடுப்படியில்தான்.

முதலில் கரி படிந்த கரண்டியை ரவை டப்பாவிலேயே விட்டுவிட்டேன், காலைக் கஞ்சி சாம்பல் நிறத்தில் வந்தது. "ஏங்க, இது கஞ்சியா சிமெண்டா?" என்றாள், அவ்வளவுதான். பிறகு சரியாகக் கழுவாத உருளையை ஈரம் காய ஓவனில் வைத்து மறந்தேன், அவள் தெரியாமல் ஓவனைப் பற்றவைக்க, மூன்று நாள் வீடெல்லாம் அழுகிய முட்டை நாற்றம். அதையும் பொறுத்தாள். கடைசியில் குழிமேல் பூசத் தேன்மெழுகையும் ஆட்டுக்கொழுப்பையும் உருக்கி, வேறு பாத்திரம் கிடைக்காமல் அவளுடைய சமையல் கொழுப்பு டப்பாவில் ஊற்றிவைத்தேன். போன வெள்ளிக்கிழமை சர்ச் விருந்துக்கு அவள் அதைப் போட்டு நாற்பது பிஸ்கட் சுட்டுவிட்டாள். பாஸ்டர் எல்வின் ஒரு கடி கடித்துவிட்டு இழுத்தார். பிஸ்கட்டோடு மேல் பல்செட்டும் வந்துவிட்டது. "மணம் பிரமாதம், சிஸ்டர் வெர்னா" என்று பல்லில்லாமலே சொன்னார், நல்ல மனிதர். வெர்னா திரும்பி என்னைப் பார்த்தாள். அந்த ஞாயிறே உங்கள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

ஆகவே மச்சான், ரிவால்வரைப் பக்கத்துப் பண்ணை டெல்மருக்குக் கொடுத்துவிடுகிறேன். இனி அடுப்படிப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன். அவள் இல்லாமல் வீடு வீடாக இல்லை.

கர்த்தர் உங்கள் சோளத்துக்கு மழையும் அக்காவின் முழங்காலுக்கு வெயிலும் தருவாராக.

தங்கள் அன்பு மைத்துனன்,
ஹார்லன் ப்ரூட்

பி.கு.: டெல்மருக்குக் கொடுக்கலாம் என்று இப்போதுதான் பெட்டியைத் திறந்தேன். ரிவால்வர் இல்லை. மருந்துக் குடுவையும் கேப்பு டப்பாவும்கூட இல்லை. இனி மறைத்துப் பயனில்லை, மச்சான். பிஸ்கட்டுக்காக அவள் கோபப்படவே இல்லை. வீட்டுக்கு வந்து கண்ணில் தண்ணீர் வர ஒரு மணி நேரம் சிரித்தாள். நடந்தது சனிக்கிழமை, எங்கள் துப்பாக்கிச் சங்கத்து மைதானத்தில். "ஒரு தடவ நானும் சுட்டுப் பாக்கட்டுமா?" என்று கேட்டு வாங்கியவள், ஐந்து குண்டில் ஐந்து தகர டப்பாவையும் தட்டிவிட்டாள். ஒரு டப்பாவைத் தட்ட எனக்கு ஒன்றரை வருஷம் ஆனது. எல்லாரும் கைதட்டினார்கள். நான் மட்டும், "காத்து தள்ளிவிட்டிருக்கும்" என்றேன்.

"காத்தா? அஞ்சு தடவையுமா?" என்று கேட்டாள். மறுநாளே பெட்டியைக் கட்டிவிட்டாள்.

வரும் சனிக்கிழமை உங்கள் ஊரில் துப்பாக்கி சுடும் போட்டி இருக்கிறது. அவளை அனுப்பிவைக்க வேண்டாம், நின்று சுடட்டும். நானே கிளம்பி வருகிறேன். ஊர் கேட்க அவளிடம் ஒன்று சொல்ல வேண்டும். அன்றைக்கு ஒரு இலைகூட அசையவில்லை, மச்சான்.